ஊர்க்காசில் நிமிர்ந்த கால்

ஐயா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. உங்கம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முடித்ததும், "இன்னொரு தடவ வாசிங்க" என்றாள். வாசித்தேன். "நடுவுல என்னமோ முழுங்குதிய" என்றாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் என் மூஞ்சியை வாசிக்கத் தெரியும். விழுங்கிய வரியை வெளியே சொல்ல வேண்டியதாயிற்று. "ஊர்க்காசில் நிமிர்ந்த கால் நம் குடும்பத்தில் ஒன்று போதும், என் மகளுக்கும் அது வேண்டாம்" என்று எழுதியிருந்தாயே, அந்த வரிதான். கேட்டதும் அவள் எழுந்து போய் மாவு ஆட்ட உட்கார்ந்துவிட்டாள். உங்கம்மா பேசாமல் மாவு ஆட்டினால் அன்றைக்கு வடை கல்லாக இருக்கும் என்பது உனக்கும் தெரியும், தென்காசியில் என் கடைக்கு வருகிற அத்தனை பேருக்கும் தெரியும்.

இதுவரை உனக்கு நான் எழுதியதெல்லாம் கார்டுதான். நாங்கள் சௌக்கியம், சாரல் தொடங்கிவிட்டது, அரிசி கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது, பார்த்துப் போய்வா, இவ்வளவுதான். எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் நான். ஒரே தடவையில் தேறிப் போனவர்களைவிட எனக்குப் பாடம் இரண்டு மடங்கு தெரிந்திருக்க வேண்டும். வடை சுடுவதில் அதற்கு வேலை இல்லாமல் போய்விட்டது. இன்றைக்குக் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டுக் காகிதம் வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் நீ சிரித்துக்கொள். விஷயத்தில் பிழை இருக்காது.

விஷயத்தை நேராகவே பேசிவிடுவோம். கைக்குழந்தையாக இருக்கிற உன் மகளுக்கு வலது பாதம் உள்ளே திரும்பியிருக்கிறது, உனக்கு இருந்தது போலவே. மதுரை டாக்டர் பார்த்துவிட்டு, இப்போதே ஆரம்பித்தால் வாரா வாரம் மாவுக்கட்டை மாற்றி மாற்றிக் கட்டிப் பாதத்தைத் திருப்பலாம், கடைசியில் குதிகாலுக்கு மேலே நரம்பில் ஒரு சின்ன ஆபரேஷன், அவ்வளவுதான் என்கிறார். அதற்கு ஆகும் பணம், மில்லில் கணக்கெழுதுகிற உன் சம்பளத்தில், அதுவும் இந்த யுத்த காலத்து விலைவாசியில், ஆகிற காரியமில்லை. உன்னோடு வேலை பார்க்கிற மூன்று பேர் தாங்களாகவே வந்து, மில்லில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேர்த்துத் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். நான்கைந்து வருஷத்தில் நானே சேர்த்துவிடுவேன், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டரிடமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாய்.

அந்த நான்கைந்து வருஷம்தான் என்னை இந்தக் காகிதத்தின் முன்னால் உட்கார வைத்திருக்கிறது. அவை எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். அதே மாதிரி வருஷங்களை நான் கழித்துப் பார்த்திருக்கிறேன். உன் காலுக்குப் பணம் வந்த கதை உனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். பஜாரில் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள், சொல்கிறவன் தன் பங்கைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வான். முழுசாகச் சொல்ல நான் ஒருவன்தான் இருக்கிறேன். கேட்டுக்கொள்.

நீ பிறந்த அன்று உன் பாதத்தைப் பார்த்ததும் வீட்டில் இருந்த பெண்கள் முதலில் தேடியது குற்றவாளியை. மாசமாக இருந்தபோது கிரகணத்தன்று வெளியே போனாயா என்று உங்கம்மாவைக் கேட்டார்கள். பிள்ளையைப் பெற்றுப் போட்டு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவள், படுத்தபடியே, "கெரகணத்தன்னைக்கு நான் கொல்லையில பாத்திரம் தேச்சிக்கிட்டு இருந்தேன். பாத்திரத்துக்கு ஒண்ணும் ஆகலயே" என்றாள். உன் மாமியார் வீட்டில் யாராவது உன் வீட்டுக்காரியிடம் இப்படிக் கேட்டால் இந்தப் பதிலை நீ தாராளமாக இரவல் வாங்கிக்கொள்ளலாம். இன்னொன்று. அப்பன் காலிலிருந்துதான் மகளுக்கு வந்தது என்று உன்மேல் நீயே பழி போட்டு எழுதியிருக்கிறாய். இந்த மூக்கை உனக்கு நான்தான் கொடுத்தேன். அதற்காக நீ என்மேல் வழக்குப் போட்டாயா? பிள்ளைகளுக்கு நாம் கொடுப்பதை நாம் பார்த்து எடுத்துக் கொடுப்பதில்லை. வந்த பிறகு அதற்கு என்ன செய்கிறோம் என்பதுதான் நம் கையில் இருக்கிறது. அதில்தான் நான் சறுக்கினேன்.

எண்ணெய் தேய்த்தோம். மூங்கில் பத்தை வைத்துக் கட்டினோம். நீ அலறினாய், அவிழ்த்துவிட்டோம். செங்கோட்டையில் ஒரு வைத்தியர் பச்சிலை வைத்தார். நீயோ யாருக்கும் காத்திராமல் நடக்கத் தொடங்கிவிட்டாய், பாதத்தின் வெளி ஓரத்தை ஊன்றிக்கொண்டு. அந்த ஓரத்தில் தோல் காய்த்துப் போயிற்று. கடைக்கு வருகிறவர்கள், "பிள்ளைக்குக் கால்ல என்ன?" என்று கேட்பார்கள். "விழுந்துட்டான், சரியாயிரும்" என்பேன். வருஷக்கணக்காக இதையே சொன்னேன். பிள்ளை ஓயாமல் விழுந்துகொண்டே இருக்கிறான் என்று ஊர் நினைத்திருக்க வேண்டும். பட்டணத்து ஆஸ்பத்திரிகளில் இதற்கு வைத்தியம் இருக்கிறது என்று காதில் விழாமல் இல்லை. ஆனால் அதற்குப் பணம் வேண்டும், பணத்துக்கு யாரிடமாவது வாய் திறக்க வேண்டும். நான் திறக்கவில்லை. அடுத்த சீசனில் சேர்த்துவிடலாம் என்று ஒவ்வொரு சீசனிலும் சொல்லிக்கொண்டேன்.

சீசன் வந்தால் மொட்டைக் கோபுரத்துக்கு எதிரே இருந்த கடையைச் சாத்திவிட்டு, அடுப்பையும் சட்டியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு குற்றாலத்துக்குக் குடிபோய்விடுவோம், ஞாபகம் இருக்கும். அருவியில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிறவனுக்கு எதைச் சுட்டுக் கொடுத்தாலும் ருசிக்கும். என் கைப்பக்குவத்தால்தான் வியாபாரம் நடந்தது என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு. நடத்திக் கொடுத்தது அருவி. உனக்கு ஏழு வயது நடந்துகொண்டிருந்த சீசனில், திருவிதாங்கூர்ப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்த டாக்டர் ஒருவர் குடும்பத்தோடு குளிக்க வந்திருந்தார். மலையாளி. வடை தின்றுகொண்டே, இலை எடுத்து வந்து கொடுத்த உன் காலைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு, உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்த ஈரப் பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்து மெல்லத் திருப்பிப் பார்த்தார். "இத்தன வருஷம் எந்து செய்து?" என்று என்னைக் கேட்டார். எண்ணெய் தேய்த்தோம் என்றேன். "எண்ணெய் வடைக்கு மதி. காலுக்குப் போரா" என்றார். வடைக்குப் போதும், காலுக்குப் போதாது என்கிறார். சிரிக்கவில்லை.

கொண்டு வா, கத்தி வைத்து நேராக்கலாம் என்றார். தனக்கு ஒன்றும் வேண்டாம். ஆனால் ஆஸ்பத்திரிக்கும், மாவுக்கட்டுக்கும், மாதக்கணக்கில் தங்குவதற்கும், பிறகு இரும்பு வைத்துத் தைக்கும் பூட்சுக்கும் கட்ட வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார். அதைக் கேட்டு என் கையிலிருந்த வடை எண்ணெய்க்குள் விழுந்தது. தெறித்த எண்ணெயின் தழும்பு இன்னும் முழங்கைக்குக் கீழே இருக்கிறது. நல்ல சாரல் அடிக்கிற இரண்டு சீசனின் வருமானம் அது, நாங்கள் ஒன்றும் சாப்பிடாமல் இருந்தால். தை மாதத்துக்குள் வந்துவிட வேண்டும், எலும்பு முற்றிக்கொண்டே போகிறது என்றும் சொன்னார். அந்த வருஷம் பார்த்துச் சாரல் ஏமாற்றியது. ஆடி மாதத்திலேயே அருவி மெலிந்து போய்விட்டது. குளிக்க வந்தவர்கள் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். நான் சுட்ட வடையை நாமே தின்றோம்.

தென்காசிக்குத் திரும்பியதும் உங்கம்மா ஆரம்பித்தாள்.

"கேளுங்க. இந்த ஊர்ல எத்தன பேரு நம்ம கடையில திங்கான். வாயத் தொறந்து கேட்டா தரமாட்டானா?"

"என்னயப் பிச்ச எடுக்கச் சொல்லுதியா?"

"பிள்ள காலுக்குக் கேக்கது பிச்சையா?"

"வேற என்னட்டி?"

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நானும் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். கல்யாணமான புதிதில் அப்படி நினைப்பது சகஜம், எனக்கு அந்தப் பழக்கம் கொஞ்சம் நீடித்துவிட்டது.

ஆனால் 'பிச்சை' என்று என் வாயால் சொன்னேனா, அதிலிருந்துதான் எனக்கு யோசனை பிறந்தது. பண்பொழி மலைக்குத் தைப்பூசக் காவடி எடுக்கிறவர்கள் மஞ்சள் வேட்டி கட்டி, கையில் செம்பு ஏந்தி, வீடு வீடாகப் பிச்சை வாங்கி, அந்தக் காசில் நேர்த்திக்கடனைச் செலுத்துவது நம் பக்கத்து வழக்கம்தானே. அதில் ஏழை பணக்காரன் கிடையாது. பெரிய ஜவுளிக்கடை முதலாளியே மஞ்சள் வேட்டியோடு நம் வாசலில் வந்து நிற்பார். வெட்கமும் கிடையாது. கொடுக்கிறவர்கள் நம் காலில் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டுக் கொடுப்பார்கள். சாமி பேரைச் சொல்லிக் கையேந்தலாம், பிள்ளை பேரைச் சொல்லித்தான் ஏந்த முடியாது. அப்படியானால் சாமி பேரைச் சொல்லிப் பிள்ளைக்கு ஏந்தினால் என்ன? என் மூளை எப்போதாவதுதான் வேலை செய்யும். அது வேலை செய்யும்போதெல்லாம் நான் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும்.

உங்கம்மாவிடம், "மொதல்ல காலு, பெறகு காவடி. முருகன் பொறுத்துக்கிடுவான்" என்றேன்.

"முருகன் பொறுப்பான். பெத்த பிள்ள பேரச் சொல்லதுக்கு ஒங்களுக்கு என்ன கேடு?" என்றாள்.

காதில் விழாதது போல வேட்டியை மஞ்சளில் நனைத்துக் காயப்போட்டேன்.

கார்த்திகை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் புறப்பட்டேன். "அரோகரா" என்று முதல் வாசலில் நின்றபோது குரல் கொஞ்சம் நடுங்கியது. அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள். நேற்று வரை, "ஏ வடைக்காரரே, சட்னில உப்பு எங்க?" என்று கேட்டவர்கள் இன்றைக்கு என் காலில் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டார்கள். எனக்கு அந்த மரியாதை பிடித்துப் போயிற்று. இரண்டாவது தெருவுக்குள் நுழையும்போது நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டேன். மூன்றாவது தெருவில், யாரும் கேட்காமலே ஆசீர்வாதம் செய்யத் தொடங்கிவிட்டேன். அரிசி மண்டி முதலாளி கடை நிறைய ஆள் இருக்கும் நேரம் பார்த்து ஒரு முழு வெள்ளி ரூபாயைச் செம்புக்குள் சத்தம் கேட்கிற மாதிரிப் போட்டார். குதிரை வண்டி ஓட்டுகிற சுடலை தன் மடியிலிருந்து ஓரணா எடுத்துப் போட்டான். போடும்போது என் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

அப்படியே பஜாருக்குள் வந்தவன், வந்த வேகத்தில் மீரான் ராவுத்தர் கடையிலும் ஏறிவிட்டேன். கைலி வியாபாரம் செய்தவர்; தினமும் சாயங்காலம் நம் கடையில் நின்று பருப்புவடை தின்னாமல் வீட்டுக்குப் போகமாட்டார். அந்தப் பழக்கத்தில் கால் தானாக ஏறிவிட்டது. ஏறிய பிறகுதான், காவடிப் பிச்சையோடு அங்கே நிற்பது சரியில்லையே என்று உறைத்தது.

"என்ன வே, மஞ்சளா வந்து நிக்கீரு?"

"மலைக்கு நேத்திக்கடன், மொதலாளி."

"நல்லது. அது உமக்கும் உம்ம சாமிக்கும் உள்ளது. அதுல நம்ம காசு வேண்டாம்" என்றார், கோபமில்லாமல். நான் தலையாட்டிவிட்டு இறங்கப் பார்த்தேன். "நில்லும் வே. குத்தாலத்துல மலையாளத்து டாக்டர் ஒருத்தர் உம்ம பய காலப் பாத்தாராமே?"

"பாத்தாரு."

"என்ன சொன்னாரு?"

"நேராக்கலாம்னாரு. பணம் ஆகும்னாரு."

எவ்வளவு என்று கேட்டார், சொன்னேன். ராவுத்தர் கைலியை மடித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் பேசினார். "அப்போ பய காலுக்கு அவ்வளவு வேணும். நீரு காவடிக்குக் காசு பிரிச்சிக்கிட்டுத் திரியுதீரு. உமக்குப் பய முக்கியமா, காவடி முக்கியமா?"

"ரெண்டும் ஒண்ணுதான், மொதலாளி."

"அதெப்படி வே ஒண்ணு?"

கடையில் துணி பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ராவுத்தருக்கு அந்த நிமிஷமே எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் என்னை விடுகிற ஆள் இல்லை அவர். கைலியைக் கீழே வைத்தார். "சாமி பேரச் சொன்னா நான் தரமுடியாது. பய பேரச் சொல்லும், தாரேன். வாயத் தொறந்து கேளும்."

எனக்கு வாய் வரவில்லை, ஐயா. அருவி இரைச்சலுக்கு மேலே வடை வடை என்று நாள் முழுக்கக் கத்துகிற தொண்டை இது. மஞ்சள் வேட்டியும் திருநீறுமாக நின்றுகொண்டு, வியர்வையில் திருநீறு கண்ணில் இறங்க, செம்பை இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றிக்கொண்டிருந்தேன். ராவுத்தர் அவசரப்படவில்லை. வந்தவர்களையும், "இருங்க, இவரு ஒண்ணு கேக்கப் போறாரு" என்று நிறுத்தி வைத்தார். கடைசியில், "எம் மவன் கால நேராக்கணும், மொதலாளி. எங்கிட்ட காசு இல்ல. தாங்க" என்றேன். அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் பெட்டியைத் திறந்து ரூபாய்களை அள்ளினார். செம்பில் போடப் போனவர் கையை நிறுத்திக்கொண்டார். "இதுல வேண்டாம். இது வேற. துண்ட விரியும்" என்றார். தோளில் இருந்த துண்டை விரித்தேன். அதில் போட்டு, "முடிஞ்சு வச்சிக்கிடும்" என்றுவிட்டு, துணி பார்த்தவர்களிடம் விலை பேசத் தொடங்கிவிட்டார்.

ஒரு கையில் செம்பும் ஒரு கையில் துண்டுமாக வீட்டுக்கு வந்தேன். நடந்ததைச் சொன்னதும் உங்கம்மா இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "துண்டுல உள்ளது பிள்ளைக்கு. செம்புல உள்ளது யாருக்கு?" என்று கேட்டாள். நான் முருகன் பொறுமையைப் பற்றி மறுபடியும் ஆரம்பித்தேன். "அவன இதுல இழுக்காதீங்க. நீங்க அவன்கிட்டயும் கேக்கல. திரும்பப் போங்க. யாரு யாரு போட்டாவளோ அவுககிட்ட, இது பிள்ள காலுக்குன்னு சொல்லுங்க. வேண்டாம்னு சொன்னவுகளுக்குத் திருப்பிக் குடுத்துருங்க."

வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு அதே தெருக்களில் அதே வாசல்களில் மறுபடியும் நின்றேன். இந்த முறை யாரும் காலில் தண்ணீர் ஊற்றவில்லை. அரிசி மண்டி முதலாளி, "சாமிக்குன்னு போட்டேன். காலுக்குன்னா யோசிக்கணும்லா" என்று ரூபாயைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வாங்கி, நல்ல ரூபாய்தானா என்று கல்லில் சுண்டியும் பார்த்தார். ஒரு பகலுக்குள் முருகன் அதை மாற்றியிருப்பான் என்று சந்தேகம். மனம் ஒடிந்துபோய், வண்டிப்பேட்டையில் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்த சுடலையிடம் போனேன். நான் சொல்ல ஆரம்பிக்கும் முன்பே அவன் சிரித்தான். "நீங்க காவடின்னு வந்து நின்னப்பவே தெரியும்லா, அண்ணாச்சி. ஒங்க மூஞ்சியில பக்தியே இல்லயே. பிள்ள காலுக்குத்தான் போட்டேன்" என்று இன்னொரு அணாவை எடுத்துக் கொடுத்தான். அடுத்த வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். அதற்கடுத்த வீட்டிலும். ஊருக்கே தெரிந்திருந்தது. காவடி என்று நம்பிக்கொண்டு திரிந்தவன் நான் ஒருவன்தான்.

முதல் சுற்றில் வந்ததைவிட இரண்டாவது சுற்றில் வந்தது அதிகம். அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து போன நெசவுக்காரர்கள் இரண்டு மூன்று பேர், வடை வாங்காமலே பலகையில் காசு வைத்துவிட்டுப் போனார்கள். நான் கூப்பிட்டபோது திரும்பிப் பார்க்கவில்லை. மார்கழி முடிவதற்குள் பணம் சேர்ந்துவிட்டது. தை பிறந்ததும் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லத்து ரயிலில் ஏறினோம். மலைக் குகைக்குள் ரயில் நுழைந்து இருட்டானபோது நீ பயந்து அழுவாய் என்று நினைத்தேன். நீ கை தட்டினாய், நான்தான் உங்கம்மா கையைப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் உங்கம்மா உன்னோடு இருந்தாள். நர்சுகளோடு சண்டை போடுகிற அளவுக்கு மலையாளம் கற்றுக்கொண்டாள், அதற்கு மேல் அவளுக்குத் தேவைப்படவில்லை.

கட்டைப் பிரித்துப் பூட்ஸ் மாட்டிய அன்று நான் போயிருந்தேன். உன் உள்ளங்கால் முதல் தடவையாக முழுசாகத் தரையில் பதிந்தது. நான் அழுதுகொண்டிருந்தேன், சிரித்துக்கொண்டும் இருந்திருப்பேன். டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, "இனி நடக்கும், ஓடும். பக்ஷே நடையில ஒரு சின்ன சாய்வு நிக்கும். கைக்குழந்தையா இருந்தப்போ கொண்டு வந்திருந்தா இதும் நிக்காது" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. நீ படியேறும்போது வலது தோள் கொஞ்சம் இறங்கி ஏறுகிறதே, அதைச் சொல்கிறேன். பணம் இல்லாததால் வந்த சாய்வு இல்லை அது. நீ மூன்று மாசக் குழந்தையாக இருந்தபோதும் ராவுத்தர் கடை பஜாரில் இருந்தது. சுடலை வண்டி ஓட்டிக்கொண்டுதான் இருந்தான். நான்தான் பேசவில்லை. உன் மகளுக்கு இப்போது அந்த வயது.

இனி நீ சொல்லப் போவது எனக்குத் தெரியும். கொடுத்தவர்கள் பிறகு உன்னை என்ன பாடு படுத்தினார்கள் என்பாய். உண்மைதான், மறைக்கவில்லை. பூட்சை மாட்டிக்கொண்டு நீ பள்ளிக்கூடம் போகும்போது, "ஏலே, ஊர்க்காலு போகுது பாரு" என்றார்கள். சிலர் பாசமாகச் சொன்னார்கள், சிலர் சும்மா சொன்னார்கள். பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் காதில் விழாது. அரிசி மண்டிக்காரர், கொடுத்த ரூபாயைத் திரும்ப வாங்கிக்கொண்ட அதே மனுஷர், "நம்ம காசுல நடக்க காலுல்லா" என்று நாலு பேர் முன்னால் உன்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நீ வீட்டுக்கு வந்து பூட்சைக் கழற்றி எறிந்தாய். நான், சிரிச்சிட்டுப் போலே என்று சொன்னேன். அது ஒரு பதிலா? உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தப் பேர் உனக்கு எவ்வளவு வலித்தது என்று உன் கடிதத்தின் அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அதனால் வாங்குவது சுலபம் என்று உனக்கு நான் சொல்லவில்லை. வாங்கினால் கொஞ்சம் கேட்க வேண்டியும் வரும். கொடுக்கிறவர்களில் ராவுத்தரைப் போன்றவர்கள் உண்டு. மௌத்தாகி மண்ணுக்குள் போகும் வரை உன் காலைப் பற்றி அவர் உன்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, கைலி விலையில் உனக்குக் காலணா குறைத்ததும் இல்லை. மற்ற மாதிரி ஆட்களும் உண்டு. உன் மில்லிலும் இரண்டு மாதிரியும் இருப்பார்கள். உன் மகளுக்கும் ஒரு பேர் வைப்பார்கள், வைக்கட்டும். நீ அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள், நான் செய்யாததைச் செய். ஆனால் இதையும் யோசி. ஊர்க்கால் யாரென்று இன்றைக்குப் பஜாரில் போய்க் கேட்டால் சொல்ல ஆளில்லை. அந்தப் பேர் தேய்ந்துபோய்விட்டது, கால் இருக்கிறது. அந்தக் காலில்தான் பண்பொழி மலைப் படியெல்லாம் எனக்கு முன்னால் ஏறிப்போய் நின்றுகொண்டு, "அப்பா, ஏற முடியலயா?" என்று கேலி செய்தாய். அந்தக் காலில்தான் மணவறையைச் சுற்றி வந்தாய். மடங்கிய காலுக்கும் ஊர் ஒரு பேர் வைக்கும். அதுவும் பெண்பிள்ளைக்கு. அது தேயாது.

நீயே சேர்த்துச் செய்ய வேண்டும் என்று நினைப்பது தப்பில்லை. உன் இடத்தில் இருந்த நானும் அதையேதான் நினைத்தேன், என்னை யாரும் சோம்பேறி என்று சொல்லமுடியாது. ஆனால் எலும்பு நம் சம்பள நாளுக்குக் காத்திருப்பதில்லை. பணத்தை நீ பிறகு சேர்த்து, கொடுத்தவர்களின் வீட்டில் ஒரு கஷ்டம் வரும்போது கொண்டுபோய்க் கொடு. அதற்கு வயது இருக்கிறது. எங்களிடம் இருக்கிற கொஞ்சத்தை உங்கம்மா கொண்டு வருவாள், மொத்தத்தில் அது ஒரு மூலைக்குக் கூடக் காணாது. என்னைப் பேச வைக்க ராவுத்தர் கடையையே நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. உன்னிடம் மூன்று பேர் தாங்களாகவே வந்திருக்கிறார்கள். நீ அவர்களை வாசலிலிருந்தே திருப்பி அனுப்பியிருக்கிறாய்.

நேற்று உங்கம்மா ஒன்று சொன்னாள். பிள்ளை பிறந்து அவள் அங்கே வந்திருந்தபோது பார்த்ததாம். அந்த மூன்று பேரும் குழந்தையைப் பார்க்க வந்த அன்று, வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம் கேட்டதும் நீ துண்டை எடுத்துக் குழந்தையின் காலை மூடினாயாம். மதுரை வெயில், பிள்ளை உதைத்து உதைத்துத் துண்டைத் தள்ளிவிட்டதாம். நீ பேச்சோடு பேச்சாக மறுபடியும் மறுபடியும் இழுத்து மூடினாயாம். வந்தவர்கள் பார்த்தும் பார்க்காதது போலத் தலையைத் திருப்பிக்கொண்டார்களாம்.

உன்னிடம் நான் எதையும் கேட்டவன் இல்லை. கேட்கத் தெரியாதவன் என்பதை இவ்வளவு நேரமும் எழுதியிருக்கிறேன். இப்போது கேட்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்களைச் சாப்பிடக் கூப்பிடு. பேச்சு வராவிட்டால் பரவாயில்லை, நம் வம்சத்தில் யாருக்கும் எடுத்த எடுப்பில் வராது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவர்களுக்கு எதிரே உட்கார். அவள் உதைப்பாள். துண்டு விழுந்தால் எடுக்காதே.

அப்பா